முட்டையோடு இருக்கும் கிரேஃபிஷ்

சிங்கப்பூரில் வீட்டு மீன்தொட்டியைக் காலி செய்து கொடுக்கும் வேலையில் மீன்களால் தொல்லை இல்லை, கொண்டுபோக யாராவது கிடைத்துவிடுவார்கள். இறால் போன்ற உடலும் நண்டு போன்ற கொடுக்கும் உள்ள கிரேஃபிஷுக்குத்தான் ஆள் கிடைக்காது. விரல் நீளத்தில் வாங்கிய குட்டி, ஓராண்டில் செடிகளை வேரோடு பிடுங்கி, தூங்கும் மீனையும் தின்று, காற்றுக் குழாயைப் பிடித்து ஏறி மூடியைத் தள்ளப் பார்க்கும். திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் கையை விரிப்பார்.

ஒரு வீட்டில் இருந்தது ரெட்கிளா என்ற கிரேஃபிஷ் வகை, பெண். வளர்ந்த ஆணுக்குக் கொடுக்கின் வெளி ஓரத்தில் சிவப்புத் திட்டு இருக்கும், இதற்கு இல்லை. நடக்கும்போதும் வாலை விரிக்காமல் உள்ளே மடித்தே வைத்திருந்தால் முட்டை சுமக்கிறது என்று பொருள். வலையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், வயிற்றடித் துடுப்புகளில் நூற்றுக்கணக்கான முட்டைகள். ஒவ்வொன்றிலும் கருப்பாக இரண்டு கண்புள்ளிகள். சினைப்படாத முட்டை இந்த நிலைக்கு வராது, பூஞ்சை பிடித்து உதிர்ந்துவிடும். சூட்டைப் பொறுத்து 6 முதல் 10 வாரம் அடைகாக்கும், நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரமே பொரிந்துவிடும். பொரித்த குஞ்சுகளும் கொஞ்ச காலம் தாயைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். கூட ஓர் ஆணும் இருந்ததாம். அது தோல் உரித்து மெத்தென்று கிடந்த நேரத்தில் இவளே தின்றுவிட்டாளாம்.

“தம்பி, இத எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?”

“ஐஸ் தண்ணியில போட்டு மரத்துப்போக வச்சு, அப்புறம் கொன்னுடுவோம், ஆண்ட்டி.”

“முட்டையோட இருக்கே.”

“அதனாலதான்.”

ஆண்ட்டி கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தார். “அப்ப இத மட்டும் விட்டுட்டுப் போங்க. நா பாத்துக்கறேன்” என்றார்.

கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னேன். செய்முறையிலும் ஒளிக்க எதுவும் இல்லை. ஐஸ் மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, குறைந்தது இருபது நிமிடம். வாலை இழுத்தால் எதிர்ப்புக் காட்டக் கூடாது, ஓட்டைத் தட்டினால் கண் அசையக் கூடாது. அதற்குப் பிறகுதான் கூர்மையான கத்தியால் நீளவாக்கில், சட்டென்று வெட்டுவது. உயிரோடு கொதிநீரில் போடுவதும் வெறும் குளிர்பெட்டியில் அடைப்பதும் கூடாது. இத்தனையையும் விளக்கியிருந்தால் ஆண்ட்டி கொடுத்திருப்பாரா? கத்தி என்ற சொல்லைக் கேட்டதுமே கதவைச் சாத்தியிருப்பார் என்றும் தோன்றுகிறது.

‘பாத்துக்கறேன்’ என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: வேறு யாருக்காவது கொடுப்பது, இல்லை தண்ணீரில் விடுவது. பௌத்தத் திருநாளான வெசாக் நெருங்கினால் இரண்டாவதைப் புண்ணியமாகவே நினைப்பவர்கள் உண்டு. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஓடும் லோங்காங்கில், அதாவது திறந்த கால்வாயில், விட்டாலும் ஒன்றுதான். குளியலறைத் தரைத்துளையில் ஊற்றும் தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போகும். வெளிக் கால்வாயில் ஓடுவது மழைநீர். இந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்பு என்பதால் அந்த மழைநீர் பெரும்பாலும் ஏதாவது ஒரு நீர்த்தேக்கத்தில் சேரும். தொட்டித் தண்ணீரை ஒருபோதும் தாழ்வாரக் கால்வாயில் கொட்டாதீர்கள் என்று நாங்கள் சொல்வதும் இதனால்தான். ரெட்கிளாவுக்குக் கால்வாய்கூட வேண்டாம். செவுள் ஈரமாக இருந்தால் போதும், தரையில் நடந்தே அடுத்த குட்டையைப் பிடிக்கும். ஈரப் பஞ்சு விரித்த பெட்டியில் தண்ணீரே இல்லாமல் உயிரோடு இதை ஊர்விட்டு ஊர் அனுப்புகிறார்கள்.

சிங்கப்பூரின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் இது தானாகவே பெருகி வாழ்கிறது என்று 2007இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். வட ஆஸ்திரேலியாவும் பாப்புவா நியூ கினியின் தென்பகுதியும்தான் அதன் சொந்த இடம். ஏற்கெனவே அங்கே கிடக்கிறதே, ஒரு தாயை விடுவதால் என்ன குறைந்துவிடும்? ஆண்ட்டி அப்படிக் கேட்டிருந்தால் சட்டென்று பதில் வந்திருக்காது. அபராதம் உண்டு என்று மட்டும் சொல்லியிருப்பேன், அது பதில் இல்லை.

யோசித்தால் வருகிற பதில் இது. எல்லா ஓடையிலும் இன்னும் அது போய்ச் சேரவில்லை. இங்கே பூர்வீகக் கிரேஃபிஷ் கிடையாது, ஆனால் நன்னீர் நண்டுகள் உண்டு. அவற்றில் 1986இல் பெயரிடப்பட்ட சிங்கப்பூர் நண்டு உலகத்தில் வேறெங்கும் இல்லை, புக்கிட் தீமா, புக்கிட் பாத்தோக் பக்கத்துச் சிற்றோடைகளை விட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது. கிரேஃபிஷ் தனியாகவும் வருவதில்லை. ஓட்டிலும் கொடுக்கு மூட்டுகளிலும் வெள்ளைப் புழுக்கள் ஒட்டியிருக்கும், அவற்றின் முட்டைகள் ஓட்டோடு பிசின் போட்டதுபோலப் பிடித்திருக்கும். ஆனால் இதையெல்லாம் நின்று கேட்க, தொட்டியைக் கலைக்கிற அவசரத்தில் இருப்பவருக்கு நேரம் ஏது.

முட்டை இல்லாத ஒற்றை ஆணாக இருந்திருந்தால், கனமான மூடி போட்ட தொட்டி வைத்திருக்கும் வேறொருவரிடம் சேர்த்திருக்கலாம். முட்டையோடு இருப்பதைக் கொடுத்தால் நூற்றுக்கணக்கில் கொடுத்ததாகிவிடும். ‘அதனாலதான்’ என்றபோது நான் நினைத்தது இந்தக் கணக்கை. ஆண்ட்டிக்கு அது கேட்ட விதமே வேறு.

கூட வேலை செய்யும் அண்ணன், “முதல்ல வாளியில எடுத்துப் போட்ரு, பேச்செல்லாம் அப்புறம்” என்கிறார். ஆனால் அது ஆண்ட்டியின் பிராணி. கேட்காமல் தூக்கி வந்து கொன்றால், அந்த புளோக்கில் அடுத்து கிரேஃபிஷ் வைத்திருப்பவர் எங்களை அழைக்க மாட்டார், நேராகக் கீழே போய்விடுவார். இதைச் சொன்னால் அண்ணன், “இப்ப மட்டும் எங்க போச்சுன்னு தெரியுமா உனக்கு?” என்று கேட்கிறார்.