அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில்

அரசு நிதியில் சட்ட விழிப்புணர்வு வகுப்பு நடத்துகிறவர்களுக்கு அந்த நிபந்தனை மனப்பாடம். சட்டத்தைச் சொல்லலாம், தனிநபருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. நோட்டீஸ், வேன் வாடகை, டீ, மைக் செட் எல்லாவற்றுக்கும் செலவுத் தலைப்பு உண்டு, வக்கீல் ஃபீஸுக்குக் கிடையாது.

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் அன்று குடியுரிமைச் சட்டம் பற்றிப் பேசினேன். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் அகதிகளாக இருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன்தான். அதற்குப் பின் பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் இறுக்கம். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டதையும் சொன்னேன்.

வகுப்பு முடிந்ததும் ஓர் அம்மா எழுந்தார்.

"தம்பி, என்ர பிள்ளையும் 86இல மண்டபத்திலதான் பிறந்தவள். 87 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊருக்குப் போயிட்டு 90இல திரும்பி வந்தனாங்கள். பிறகு இலங்கைக் குடியுரிமைப் பதிவும் எடுத்திட்டம். இப்ப பாஸ்போர்ட் கேட்டால் ரெண்டும் இல்லாமப் போயிடுமோ?"

"அம்மா, அதை வக்கீலைப் பார்த்துத்தான் கேக்கணும்" என்றேன். 1987ஆம் ஆண்டுச் சட்ட சேவைகள் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச உதவி உண்டு என்று சொல்லி, சென்னை பாரிமுனையில் எங்கே போக வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். "ஒரு நாள் கூலி போகுமே தம்பி. செக்கிங் நாளெண்டால் வெளியிலயும் போகேலாது" என்றார். செக்கிங் என்றால் முகாமில் ஆட்களைக் கணக்கெடுப்பது. மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

சரியாகத்தான் சொன்னேன் என்று எனக்கே நான் நிறைய முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இலங்கைப் பதிவு எப்போது, யார் கேட்டு எடுத்தது என்பதையெல்லாம் பார்க்காமல் நான் "போடுங்க" என்று சொல்லி, அந்தப் பெண்ணின் மேல் வழக்கு வந்தால்? ஃபார்ம் நிரப்பித் தருகிறேன் என்று முகாம்களில் காசு வாங்கித் திரிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அரைகுறை ஆலோசனை அகதிக்குச் செய்யும் கெடுதல் மற்றவர்களுக்குச் செய்வதைவிடப் பல மடங்கு. நிபந்தனை போட்டவர்களுக்கும் இந்த பயம் இருந்திருக்கும்.

ஆனால் வகுப்புக்கு வருகிற ஒவ்வொருவரும் மனதில் ஒரு பிறந்த தேதியோடுதான் வருகிறார்கள். பொதுச் சட்டம் கேட்க யார் கூலியை விட்டுவிட்டு வந்து உட்காருவார்கள்? தேதியைச் சொல்லி ஆசையை எழுப்பிவிட்டு, அடுத்த கேள்விக்கு முகவரிச் சீட்டு நீட்டுவது விழிப்புணர்வுதானா? அந்தச் சீட்டும் இல்லாத காலம் இருந்ததே என்று உடனே தோன்றுகிறது. அது உண்மை. நிம்மதி தரவில்லை. நிதியைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழோடு போன அறிக்கையில் வருகைப் பதிவும் புகைப்படமும் இருந்தன. அவர் கேள்விக்கு அதில் கட்டமே இல்லை.

இந்த ஆண்டு நிதி விண்ணப்பத்தில் வழக்கறிஞர் மதிப்பூதியம் என்று ஒரு வரி சேர்த்தேன், மாதம் ஒருமுறை ஒரு வக்கீலை முகாமுக்கே கூட்டிப்போக. எங்கள் அமைப்பின் இயக்குநர் பார்த்துவிட்டு, "இந்த ஒரு வரியால மொத்தமும் திரும்பி வந்தா வகுப்பும் இல்லாமப் போயிடும் சார்" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. வரியை எடுக்கச் சொல்லி மறுபடியும் கேட்டிருக்கிறார். நான் இன்னும் எடுக்கவில்லை.