2.8 மில்லிமீட்டருக்குள் ஓர் ஆடும் கண்ணாடி

எண்டோஸ்கோப்பில் கருவிகளை நுழைக்கும் குழாய் பெரும்பாலும் 2.8 மி.மீ. விட்டம்தான். அதற்குள் போகிற ஓசிடி (ஒளியைக் கொண்டு திசுவின் உள்ளடுக்குகளைப் படமெடுக்கும் முறை) ப்ரோப், அதாவது ஆய்வுமுனை, ஒன்றைச் செய்வதுதான் என் முனைவர் பட்ட வேலை. ஃபைபர் வழியே வரும் 1300 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை, ஒரு மி.மீ. அகலமுள்ள மெம்ஸ் கண்ணாடி (சிப் போலச் சிலிக்கானில் செய்த நுண் அசையும் கண்ணாடி) அசைந்து அசைந்து திசுவின் மேல் ஓட்டும். திரும்பி வரும் ஒளியிலிருந்து 1-2 மி.மீ. ஆழம் வரை குறுக்குவெட்டுப் படம் கிடைக்கும். 1991இல் அறிமுகமான ஓசிடி, கண் மருத்துவத்தில் இன்று சர்வசாதாரணம். உடம்புக்குள் கொண்டுபோவதுதான் பெரும்பாடு.

கண்ணாடியை எதைக் கொண்டு அசைப்பது? நிலைமின் விசையில் ஓடும் வகை வேகமானது, ஆனால் பல பத்து வோல்ட் கேட்கும். உடம்புக்குள் போகிற பொருளுக்கு அதை நியாயப்படுத்தவே ஓர் அத்தியாயம் எழுத வேண்டியிருக்கும். எனவே சூட்டில் வளையும் வகையை எடுத்தேன். கண்ணாடியைத் தாங்குவது, அலுமினியமும் சிலிக்கான் டை ஆக்சைடும் ஒட்டிய மெல்லிய கால்கள். சூடேறினால் அலுமினியம் அதிகம் விரிய, கால் வளையும். சில வோல்ட் போதும். வேகம் குறைவு, பரவாயில்லை.

கால்களுக்கு அடியிலுள்ள சிலிக்கானை அரித்து எடுக்கும் கட்டம் பார்க்கவே அழகு. பிடி விட்டதும், படலங்களுக்குள் தங்கியிருந்த இழுவிசையில் கால்கள் தாமாகச் சுருண்டு, கண்ணாடி மேலே எழும்பி நிற்கும். பக்கத்தில் தும்மக்கூடக் கூடாது!

அப்புறம் பேக்கேஜிங், அதாவது எல்லாவற்றையும் ஒரே குழாய்க்குள் அடக்குவது. உண்மையான வேலையே இதுதான் என்பேன். சிப்பின் ஓரம், ஒயர், பசை, லென்ஸ் எல்லாமே விட்டத்தில் பங்கு கேட்டன. ஒயர்களைச் சிப்பின் ஒரே பக்கத்துக்குத் தள்ளிக் கொஞ்சம் இடம் பிடித்தேன். அடுத்த வம்பு, மேலே மூடும் குழாய். அதன் வளைந்த சுவர் உருளை லென்ஸாக வேலை செய்து, வட்டமான ஒளிப்புள்ளியை நீட்டிவிட்டது. குழாயின் பக்கவாட்டில் வெட்டி, தட்டையான சன்னல் ஒட்டியதும் சரியானது.

சூட்டில் வளையும் கண்ணாடியைச் சுற்றுப்புற வெப்பமும் நகர்த்தும். அறையில் அளந்த கோணம் 37 டிகிரியில் நிற்காது. சூடான பெட்டிக்குள் வைத்துத் திரும்ப அளந்தேன்.

முதல் படம் ஒட்டுநாடா அடுக்குகள். அடுத்து என் விரல் நுனி: தடித்த மேல்தோலுக்குள் வியர்வை நாளங்கள் ஸ்பிரிங் போலச் சுருண்டு தெரிந்தன. வழிகாட்டி பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "கசியுமா?"

சன்னல் ஒட்டிய பசை இப்போது அந்தச் சோதனையில்தான் இருக்கிறது. எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்கம் செய்த பிறகும் அது தாங்கினால், விலங்குத் திசு ஆய்வுக்கு அனுமதி கேட்கலாம்.