எண்ணெயோடு கூட வந்தவை

"சவூதியில எண்ணெய்க் கிணத்துலயா வேலை?" என்று ஊரில் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பேச்சு சுலபமாக முடியும். ஆனால் கிணற்றுப் பக்கம் நான் போனதே அபூர்வம். கிழக்கு மாகாணத்தில் தம்மாமிலிருந்து ஹராத் வரைக்கும் நான் பார்த்ததெல்லாம் ஷட்டவுன் வேலை. ஓடுகிற பிளான்ட்டை நிறுத்தி, வெசல் எனப்படும் பெரிய இரும்புக் கலன்களைத் திறந்து, கழுவி, பழுது பார்த்து, சொன்ன தேதிக்குள் மூடிக் கொடுக்க வேண்டும். ஃபிட்டராகப் போனேன், சூப்பர்வைசராகத் திரும்பினேன். அந்த வட்டாரத்தின் கதையை எல்லோரும் எண்ணெய் கிடைத்த கதையாகத்தான் சொல்கிறார்கள். அதை உள்ளே நின்று பார்த்த எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. எண்ணெய் கிடைத்தது ஒரு நாளில். எண்ணெயோடு கூட வந்த வாயுவையும் விஷத்தையும் ஆட்களையும் என்ன செய்வது என்பதற்குத்தான் இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

கிடைத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் வந்தது. எதிர்க்கரையில் தஹ்ரான் குன்றுகள் இருந்தன. அதே மாதிரி மண் அமைப்பு அங்கேயும் இருக்கும் என்று நம்பினார்கள். 1933 மே மாதம் மன்னர் அப்துல் அஜீஸின் அரசு, கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது. முன்பணத்தைத் தங்கக் காசாகவே வாங்கிக்கொண்டது. செப்டம்பரில் புவியியலாளர்கள் ஜுபைலில் வந்து இறங்கினார்கள். அப்போது அந்தக் கரையில் முத்துக்குளிப்பும் மீன்பிடிப்பும் இருந்தன, கதீஃபிலும் அல்அஹ்சாவிலும் பேரீச்சந் தோப்புகள் இருந்தன. ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததில் முத்துத் தொழில் படுத்துக்கொண்டிருந்த நேரம் அது. தஹ்ரானில் முதல் ஆறு கிணறுகளும் கைகொடுக்கவில்லை. ஏழாவதை 1936 டிசம்பரில் தொடங்கினார்கள். தலைமைப் புவியியலாளர் மேக்ஸ் ஸ்டைனிக் இன்னும் ஆழமாகப் போகலாம் என்று பிடிவாதமாக நின்றார். 1938 மார்ச்சில், ஏறக்குறைய 1,440 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் வந்தது. 1939 மே 1 அன்று ராஸ் தனூராவில் முதல் கப்பலுக்கு வால்வைத் திறந்துவிட்டவர் மன்னரே. அப்புறம் 1948இல் கவார். ஏறக்குறைய 280 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம். உலகத்தில் அதைவிடப் பெரிய எண்ணெய் வயல் இன்றுவரை கிடைக்கவில்லை.

சரி, எண்ணெய் வந்துவிட்டது. ஆனால் கிணற்றிலிருந்து எண்ணெய் மட்டும் தனியாக வராது. பூமிக்குள் அழுத்தத்தில் கரைந்திருக்கும் வாயு, மேலே வந்ததும் சோடா பாட்டிலைத் திறந்தது போலப் பொங்கிப் பிரியும். பிரிந்த வாயுவின் பெரும்பகுதியை முப்பது வருடத்துக்கும் மேலாகக் கொளுத்தித்தான் விட்டார்கள். வாங்க ஆள் இல்லை, கொண்டுபோக வழி இல்லை. என் முதல் ஃபோர்மேன் எழுபதுகளிலேயே அங்கே வந்துவிட்ட கேரளத்துக்காரர். அந்தக் காலத்தில் ராத்திரி அப்கைக் ரோட்டில் வாயுவைக் கொளுத்தும் ஃப்ளேர் வெளிச்சத்திலேயே ஆள் முகம் தெரியும் என்பார்.

நாங்கள் திறந்த வெசல்களில் பலவற்றின் நேம்பிளேட்டில் எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளின் தொடக்கமும்தான் பொறித்திருக்கும். எல்லாம் ஏன் ஒரே காலத்துச் சரக்காக இருக்கிறது என்று எனக்கு ஆரம்பத்தில் விளங்கவில்லை. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வீணாகும் வாயுவை எல்லாம் சேகரித்துச் சுத்தம் செய்து குழாயில் அனுப்ப வேண்டும் என்று 1975இல் முடிவெடுத்திருக்கிறார்கள். பெர்ரி, ஷெட்கம், உத்மானியா என்று மூன்று பெரிய வாயு ஆலைகள் எழுந்தன. 1982 வாக்கில் மொத்த வலையமைப்பும் ஓடத் தொடங்கியது. எந்த ஜுபைலில் புவியியலாளர்கள் வந்து இறங்கினார்களோ, அந்த மீனவர் ஊரையே தொழில் நகரமாக்க 1975இல் ஒரு அரச ஆணையம் அமைத்தார்கள். மறு வருடம் சாபிக் என்ற அரசு ரசாயன நிறுவனம் வந்தது. அதுவரை எரித்துத் தள்ளிய வாயு உரமாகவும், பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளாகவும், மின்சாரமாகவும், கடல்நீரைக் குடிநீராக்கும் சூடாகவும் மாறியது. ஏழாம் எண் கிணற்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வட்டாரத்தை ஊராக்கியது 1975இன் இந்த முடிவுதான்.

அந்த வாயுவில் இன்னொன்றும் இருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு. சைட்டில் எல்லோரும் எச்டூஎஸ் என்பார்கள். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, ஆபத்தில்லை என்று நினைப்பவன்தான் விழுவான். அவனைத் தூக்க மாஸ்க் இல்லாமல் ஓடுகிறவன் அடுத்து விழுவான். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளத்திலும் குழியிலும் தங்கி நிற்கும்.

ஷட்டவுனில் முதல் ஃபிளாஞ்சை, அதாவது போல்ட் போட்ட குழாய் இணைப்பைப் பிரிக்கும் நேரம்தான் எனக்கு எப்போதும் வயிற்றைப் பிசையும். வேலை அனுமதிச் சீட்டான பெர்மிட்டில் லைன் காலி, அழுத்தம் பூஜ்யம் என்று எழுதியிருக்கும். இருந்தாலும் லைனில் வாயு இருக்கிறது என்று நினைத்துத்தான் கை வைக்க வேண்டும். முதலில் காற்றின் திசை காட்டும் துணிக்குழாயான விண்ட்சாக்கைப் பார்த்து, காற்று வரும் பக்கமாக நிற்க வேண்டும். மாஸ்க்கை மாட்டி சீல் பிடித்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஆபத்தென்றால் உதவ நிற்கும் ஸ்டாண்ட்பை மேன் இடத்தில் இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். அதன்பின் நமக்கு எதிர்ப்பக்கத்து போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும். உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால் அது நம் முகத்தில் அடிக்காமல் அந்தப் பக்கம் போகும். கை பழகியவர்கள் ஹாமர் ஸ்பேனரை வைத்து இரண்டு அடி அடித்து, நிறுத்தி, காது கொடுத்துக் கேட்பார்கள். அவசரக்காரன் நாலு போல்ட்டையும் ஒரே மூச்சில் கழற்றுவான். அப்படிப்பட்டவனை என் குரூப்பில் நான் வைத்துக்கொண்டதில்லை.

வெசலுக்குள் சுவரில் கறுப்பாக ஒட்டியிருக்கும் செதிலும் லேசுப்பட்டதில்லை. அது இரும்பு சல்ஃபைடு. காய்ந்து காற்றுப் பட்டால் தானாகவே கனன்று பற்றிக்கொள்ளும். அதனால் ஹோஸில் தண்ணீர் அடித்துக்கொண்டே சுரண்டி, ஈரம் காயாமல் மூட்டை கட்டி வெளியே கொண்டு போவோம். சாக்கு காய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு ஆளைத் தண்ணீர்க் குழாயோடு நிறுத்தியிருப்போம். இந்த எச்டூஎஸ்ஸை எண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பதற்குத்தான் அப்கைக்கில் அத்தனை கோபுரங்கள். அப்படிப் பிரித்த பிறகுதான் எண்ணெயைக் கப்பலில் ஏற்ற முடியும். ஆளைக் கொல்லும் அந்த வாயுவை வாயு ஆலைகளில் மஞ்சள் கந்தகமாக்கி, உரத் தொழிலுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள்.

தண்ணீர்க் கதை சின்னது. எண்ணெய் எடுக்க எடுக்க வயலின் அழுத்தம் இறங்கும். அதைத் தாங்கிப் பிடிக்க கவாரின் ஓரங்களில் தண்ணீரை உள்ளே செலுத்துகிறார்கள். முதலில் நிலத்தடி நீரைத்தான் செலுத்தினார்கள். பாலைவனத்தில் அது எத்தனை நாளைக்கு? 1978இலிருந்து குறையா கடற்கரையில் கடல்நீரை வடிகட்டி, இரும்பு அரிக்காமல் இருக்க ஆக்ஸிஜனை நீக்கி, குழாயில் அனுப்புகிறார்கள். எண்ணெய் போகிற குழாய்களைப் போலவே தண்ணீர் வருகிற குழாய்களும் அந்த மணலுக்கடியில் ஓடுகின்றன.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த 1933 உரிமத்தில் பிறந்த எண்ணெய்க் கம்பெனியான அரம்கோவின் ஆரம்ப காலத்தில் மூன்று விதக் குடியிருப்புகள் இருந்தன. அமெரிக்கர்களுக்கு ஏசி வீடும் புல்தரையும். நடுவில் இத்தாலியர்கள், இந்தியர்கள் போன்றோருக்கு ஒன்று. கடைசியில் சவூதித் தொழிலாளர்களுக்குக் குடிசைகள். யாருடைய மண்ணிலிருந்து எண்ணெய் எடுத்தார்களோ அவர்கள்தான் கடைசி வரிசையில். 1953இல் சவூதித் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். 1956இல் மறுபடி நடந்தது. அதோடு வேலை நிறுத்தத்துக்கே தடை வந்தது. ஆனால் கேட்டவற்றில் பல மெதுவாகக் கிடைத்தன. பள்ளிகள், பயிற்சி, வீட்டுக் கடன் எல்லாம் விரிந்தது. 1947இல் சிறுவனாக ஆபீஸ் பையன் வேலைக்குச் சேர்ந்த அலி அல் நைமி 1984இல் அதே கம்பெனியின் முதல் சவூதித் தலைவரானார். பிறகு எண்ணெய் அமைச்சரும் ஆனார். கம்பெனியின் பங்குகளை 1973இல் தொடங்கி 1980க்குள் முழுமையாக அரசு வாங்கிவிட்டது. பறித்துக்கொள்ளவில்லை, பணம் கொடுத்துப் படிப்படியாக வாங்கியது. அந்தப் பொறுமைதான் வேலை நிற்காமல் கைமாற வைத்தது என்று நான் நம்புகிறேன்.

என்னிடம் வேலை கற்ற சவூதிப் பையன்கள் சிலர் இருந்தார்கள். தாத்தா முத்துப் படகில் போனவர், அப்பா பிளான்ட் ஆபரேட்டர் என்று ஒருவன் பெருமையாகச் சொன்னான். நம் ஆட்களில் சிலர் அவர்களை "சோம்பேறிகள்" என்று சொல்வார்கள். எனக்கு அது எப்போதும் கோபத்தைத் தரும். சொல்லிக்கொடுத்தால் நன்றாகச் செய்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நமக்குத்தான் மனம் வரவில்லை, நம் இடம் போய்விடுமே என்ற பயம். 2011இல், கம்பெனிகள் இத்தனை சவூதிக்காரர்களை வேலைக்கு வைக்க வேண்டும் என்ற நிதாகத் திட்டம் வந்தபோது அந்தப் பயம் உண்மையாகவும் ஆனது. 2017 ஜூலையிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளியோடு தங்கும் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம், வருடத்துக்கு வருடம் கூடும் என்றார்கள். பிள்ளைகள் பள்ளி முடித்த கையோடு குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பின. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்மாமில் சீகோ என்ற கடைத்தெருப் பக்கம் குடும்பமாக வந்தவர்கள் அதன்பின் தனி ஆளாக வந்து நின்றார்கள். வருத்தம்தான். ஆனால் அவர்கள் நாட்டு வேலை அவர்கள் பிள்ளைகளுக்குப் போவதை நான் எப்படித் தப்பு என்பேன்?

2019 செப்டம்பர் 14 அதிகாலை அப்கைக்கிலும் குறைஸிலும் டிரோன்களும் ஏவுகணைகளும் விழுந்தன. நாளுக்கு 57 லட்சம் பேரல் உற்பத்தி நின்றது, உலக உற்பத்தியில் ஏறக்குறைய 5 சதவீதம். அடித்தவர்கள் கிணறுகளைத் தேடிப் போகவில்லை. எண்ணெயிலிருந்து வாயுவைப் பிரிக்கும் உருண்டைத் தொட்டிகளையும் கோபுரங்களையும் அடித்தார்கள். அந்த வட்டாரத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. சில வாரங்களில் உற்பத்தி பழைய நிலைக்குத் திரும்பியதாகச் செய்தி வந்தது. அந்த வாரங்களில் ராப்பகலாக அங்கே வெல்டிங் செய்தவர்களை எந்த டிவியிலும் நான் பார்க்கவில்லை.

இப்போது வாயுவுக்காகவே தோண்டுகிறார்கள். கவாருக்குக் கிழக்கே ஜஃபூரா வயலில் 200 டிரில்லியன் கன அடி வாயு இருக்கிறது என்று 2020இல் அறிவித்தார்கள். என் அக்கா மகன் அந்தப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலைக்குப் போகிறான். "மாமா, எச்டூஎஸ் கோர்ஸுக்குப் போகாமலே சர்டிஃபிகேட் வாங்கித் தர்றேன்னு ஏஜென்ட் சொல்றார்" என்றான். வேண்டாம் என்றேன். காசு போனாலும் பரவாயில்லை, இரண்டு நாள் உட்கார்ந்து மாஸ்க் மாட்டிப் பழகு, எத்தனை விநாடியில் மாட்டுகிறாய் என்று அவர்களை நேரம் பார்க்கச் சொல், மெதுவாக இருந்தால் திரும்பவும் மாட்டு என்றேன். அடுத்த வாரம் திருச்சியில் கோர்ஸில் சேருகிறான். பணம் நான் கட்டிவிட்டேன்.