எந்த முள் எந்த இடத்தில்?

மூன்று மாதமாக என் மேஜை மேல் ஒரு களிமண் டைனோசர் பாதியில் நிற்கிறது. உடம்பு, கால், தலை எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது. கவசத்தை ஒட்ட உட்கார்ந்த அன்றுதான் மாட்டிக்கொண்டேன். நூற்றுச் சொச்சம் முட்களும் தகடுகளும் தனித்தனியாகச் செய்து ஒரு தட்டில் பரப்பி வைத்திருந்தேன். எது எங்கே போகும் என்று ஒரு படத்தைப் பார்த்தால் அது ஒன்று சொல்கிறது, அடுத்த படம் வேறொன்று சொல்கிறது, இரண்டையும் வரைந்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். சரி, ஆராய்ச்சிக் கட்டுரைகளையே படித்துவிடலாம் என்று இறங்கியதில், இந்தக் கேள்வியைத்தான் கிட்டத்தட்ட இருநூறு வருடமாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

நான் செய்வது அங்கைலோசார் என்ற கவச டைனோசர் வகையில் ஒன்று. அங்கைலோசார்கள் என்று சொல்லும்போது பலருக்கும் ஆமை ஞாபகம் வரும். ஆனால் ஆமையின் ஓடு வேறு விஷயம். அதன் விலா எலும்பும் முதுகெலும்பும் ஓட்டோடு சேர்ந்தே வளர்ந்திருக்கும். அங்கைலோசாரின் கவசம் தோலுக்குள்ளேயே உருவான எலும்பு, ஆஸ்டியோடெர்ம் என்பார்கள். முதலையின் முதுகில் மேடு மேடாகத் தெரிகிறதே, அந்த மேடுகளுக்கு அடியில் இருப்பது அதுதான். பெரும்பாலும் எலும்புக்கூட்டோடு இவற்றுக்கு ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. விலங்கு செத்துத் தோல் அழுகியதும் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போய்விடும். சட்டை மக்கிப்போன பிறகு பொத்தான்கள் மட்டும் மண்ணில் கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொத்தான்களை வைத்துச் சட்டையைத் திரும்பத் தைக்க வேண்டும், அதுவும் அந்த மாதிரிச் சட்டையைக் கண்ணாலேயே பார்த்திராத ஒருவர்.

தப்பு முதல் நாளிலிருந்தே நடந்திருக்கிறது. 1832இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு பாறையிலிருந்து கிடைத்த எலும்புகளுக்கு கிடியன் மாண்டெல் ஹைலியோசாரஸ் என்று பெயர் வைத்தார். 1842இல் ரிச்சர்ட் ஓவன் டைனோசர் என்ற வகையையே உருவாக்கியபோது அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட மூன்று விலங்குகளில் இதுவும் ஒன்று. நீளமான முட்கள் கிடைத்திருந்தன, ஆனால் எங்கே முளைத்தவை என்று தெரியவில்லை. இகுவானா பல்லிக்கு இருப்பது போல முதுகின் நடுவே ஒரே வரிசையாக ஓடியிருக்கும் என்று நினைத்தார்கள். லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854இல் வைத்த சிலையில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. உண்மையில் அவை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தவை.

அப்புறம் 1908. பர்னம் பிரௌன் அங்கைலோசாரஸுக்குப் பெயர் வைக்கிறார். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் எந்தக் குழந்தையும் முதலில் வரைவது வால் நுனியில் இருக்கும் கதாயுதத்தைத்தான், ஆனால் பிரௌன் கையில் அன்று அந்த வால் நுனியே இல்லை! அவர் வெளியிட்ட வரைபடத்தில் வால் சாதாரணமாக முடியும், தகடுகளோ இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடுக்கியிருக்கும். கதாயுதத்தோடு இன்னொரு புதைபடிவம் கனடாவின் ஆல்பர்டாவில் அவருக்கே 1910இல் கிடைத்தது. இதைப் படித்தபோது என் தட்டில் இருந்த முட்கள் மீது கொஞ்சம் பொறுமை வந்தது.

கழுத்துப் பகுதி மட்டும் எனக்குச் சுலபமாக முடிந்தது, ஏனென்றால் அங்கே தகடுகள் தனித்தனியாக இல்லை. வளைந்த எலும்புப் பட்டை ஒன்றின் மேல் அவை ஒட்டிக்கொண்டு, மாட்டின் கழுத்தில் நுகத்தடி உட்கார்ந்திருப்பது போல மேல்பக்கமாகக் கவிந்திருக்கும். இப்படி முன்னும் பின்னுமாக இரண்டு அரை வளையங்கள். செத்த பிறகும் இது சிதறாமல் மொத்தமாகக் கிடைப்பதால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு தகட்டை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் சொல்வது இன்னும் அழகு. உள்ளே நார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக, ப்ளைவுட்டில் அடுக்கு மாற்றி ஒட்டுவது போலப் பின்னியிருக்கின்றன. அதனால் தகடு மெல்லியதாக இருந்தாலும் சுலபத்தில் பிளக்காது. உடம்பு முழுக்கக் கனத்த எலும்பைச் சுமந்துகொண்டு நடக்க முடியாதே, எடையைக் குறைத்து உறுதியைக் கூட்டியிருக்கிறது.

இடம் பற்றிய சண்டைக்கு ஒரு பெரிய பதில் 2011இல் வந்தது. ஆல்பர்டாவில் ஃபோர்ட் மக்மரே பக்கம் எண்ணெய் மணல் தோண்டும் சுரங்கத்தில், ராட்சத மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி, வழக்கத்துக்கு மாறான நிறத்திலும் அமைப்பிலும் ஒரு பாறையைப் பார்த்து வேலையை நிறுத்தினார். அந்த மண் ஒரு காலத்தில் கடலடி. அதனால் வந்து பார்த்தவர்கள் கடல்வாழ் ஊர்வன ஏதாவது இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். இருந்ததோ 11 கோடி வருடத்துக்கு முன்பு நிலத்தில் நடந்த கவச டைனோசர். செத்து, வெள்ளத்தில் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, மல்லாந்தபடி கடலடியில் போய் விழுந்து, தோல் அழுகும் முன்பே சுற்றிலும் கல்லாக இறுகிவிட்டது. தூக்கும்போது அந்தப் பாறை தன் எடை தாங்காமல் உடைந்தது. அந்தத் துண்டுகளை ராயல் டைரல் அருங்காட்சியகத்தில் மார்க் மிட்செல் என்பவர் சுமார் ஏழாயிரம் மணி நேரம் உட்கார்ந்து சுரண்டிச் சுரண்டி வெளியே எடுத்தார். வருடக் கணக்கில் ஒரே விலங்கு. 2017இல் அதற்கு போரியலோபெல்டா மார்க்மிட்செல்லை என்று அவர் பெயரையே வைத்தார்கள், எனக்கு இதைவிடப் பொருத்தமான பெயர்சூட்டு இல்லை.

அதன் முன்பாதியின் படத்தைப் பார்த்தால் புதைபடிவம் என்றே தோன்றாது, தூங்குகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு தகடும் அதனதன் இடத்தில், வரிசை வரிசையாக, நடுவில் செதில்கள்கூட அப்படியே. எலும்பு முள்ளின் மேல் கெரட்டின் உறை இருந்தது, நம் நகமும் மாட்டுக் கொம்பின் உறையும் எதனால் ஆனதோ அதே பொருள். நான் எலும்பு அளவுக்கே முட்களைச் செய்து வைத்திருந்தேன்; உயிரோடு இருந்தபோது உறையும் சேர்ந்து அவை இன்னும் நீளம், இன்னும் கூர். அதிலும் தோளில் இருக்கும் முள் மற்றவற்றோடு பார்த்தால் ஒரேயடியாக நீண்டது. தோலில் மிஞ்சியிருந்த வேதிப்பொருட்களைப் பார்த்து, மேலே செம்பழுப்பு, கீழே வெளிர் நிறம் என்றார்கள். மான் போன்ற விலங்குகள் கண்ணில் படாமல் இருக்க உதவும் நிற அமைப்பு இது. ஐந்தரை மீட்டர் நீளம், 1,300 கிலோ எடை, உடம்பெல்லாம் முள், இத்தனையும் இருந்தும் ஒளிய வேண்டியிருந்தது. வயிற்றில் கடைசியாகத் தின்ற பெரணி இலைகள்கூட இருந்தன, கூடவே கரித்துகள்கள். சமீபத்தில் தீப்பிடித்து, மறுபடி துளிர்த்த இடத்தில் மேய்ந்திருக்கிறது.

மல்லாந்து விழுந்தது என்றேனே, அது இதற்கு மட்டும் நடந்ததில்லை. ஆல்பர்டாவில் கிடைத்த 36 அங்கைலோசார்களைக் கணக்கெடுத்தபோது 26 தலைகீழாகத்தான் கிடந்தன. ஜோர்டன் மேலனும் கூட்டாளிகளும் 2018இல் இதற்கு ஒவ்வொரு விளக்கமாகச் சோதித்துப் பார்த்தார்கள், சாலையில் அடிபட்ட ஆர்மடில்லோக்கள் (இன்று வாழும், ஓடு போர்த்திய பாலூட்டிகள்) எப்படிக் கிடக்கின்றன என்பதுவரை. கடைசியில் தேறியது இதுதான்: தண்ணீரில் வயிறு உப்பி மிதக்கும்போது, கனமான முதுகு கீழே போய் உடல் கவிழ்ந்துவிடுகிறது.

இனி வாலுக்கு வருகிறேன், நான் செய்துகொண்டிருப்பது ஸூல் என்ற விலங்கு என்பதால் எனக்கு வால்தான் முக்கியம். அமெரிக்காவின் மொன்டானாவில் 2014இல் கிடைத்தது, 7.6 கோடி வருடம் பழையது. வால் நுனிக் குண்டு, தோல் எலும்புகள் பெரிதாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட உருண்டை. அதற்கு முன்னால் கைப்பிடி போன்ற பகுதியில் வாலின் ஒவ்வொரு முதுகெலும்புத் துண்டும் கவட்டை மாதிரிப் பிளந்து, அடுத்ததன் முனையை உள்ளே வாங்கிக்கொள்ளும். வாலின் பின்பாதி வளையவே வளையாது. முன்பாதி மட்டும் பக்கவாட்டில் வீசும். விக்டோரியா ஆர்பர் 2009இல் கணக்குப் போட்டு, பெரிய குண்டுகளால் எலும்பை உடைக்க முடியும், சின்னவற்றால் முடியாது என்று காட்டினார். அவரும் டேவிட் எவான்ஸும் 2017இல் இந்த விலங்குக்கு வைத்த முழுப்பெயரில் இரண்டாம் பாதி குரூரிவஸ்டேடர், கணைக்கால் நொறுக்கி. டைரனோசார் வகையின் காலை மனதில் வைத்து வைத்த பெயர்.

அப்போது தலையையும் வாலையும் மட்டும்தான் சுத்தம் செய்திருந்தார்கள். உடம்பு இன்னும் பாறைக்குள் இருந்தது. அது வெளியே வந்தபோது, இடுப்பை ஒட்டிய பக்கவாட்டு முட்கள் சிலவற்றின் நுனி உடைந்திருந்தது. உடைந்தது ஆறி, எலும்பு மழுங்கி வளர்ந்திருந்தது, அதுவும் இரண்டு பக்கமும். கொன்று தின்கிற விலங்கு கடித்திருந்தால் கழுத்திலோ முதுகிலோ கண்ட இடத்தில் காயம் இருந்திருக்கும். இடுப்புப் பக்கம் மட்டும் என்றால், பக்கத்தில் நின்று வாலைச் சுழற்றிய இன்னொரு ஸூல் அடித்த அடி. 2022இல் இதை வெளியிட்டார்கள். முட்கள் தோலோடு தோலாக அதே இடத்தில் இருந்ததால்தான் இதைச் சொல்லவே முடிந்தது. அதே உடைந்த முட்கள் சிதறிக் கிடைத்திருந்தால் யாரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

தங்களுக்குள் சண்டை பிடிக்கத்தான் கதாயுதம் முதலில் வளர்ந்தது, எதிரியை அடிப்பது கூடுதல் பயன் என்று ஆர்பர் குழு சொல்வதை நான் நம்புகிறேன். பினகோசாரஸ் என்ற இன்னொரு அங்கைலோசாரின் குட்டிகளுக்குக் குண்டு வளர்ந்திருக்கவில்லை, பாதுகாப்பு அதிகம் தேவைப்பட்டது அவற்றுக்குத்தானே. மொராக்கோவில் கிடைத்த ஸ்பைகோமெல்லஸ் என்ற அங்கைலோசாரைப் பாருங்கள், 16.5 கோடி வருடம் முந்தையது, அதில் முட்கள் விலா எலும்போடேயே ஒட்டி முளைத்திருக்கின்றன, வேறு எந்த விலங்கிலும் இல்லாத ஏற்பாடு. கழுத்தைச் சுற்றி 87 சென்டிமீட்டர் முள். வெறும் தற்காப்புக்கு இவ்வளவு நீளம் தேவையே இல்லை.

நேற்று இரவு மறுபடி களிமண்ணை ஈரப்படுத்தினேன். எல்லா முட்களையும் கொஞ்சம் நீட்டிவிட்டு, வரிசைப்படி ஒட்டினேன். இடுப்புப் பக்கம் வந்ததும் இடது பக்கம் இரண்டும் வலது பக்கம் ஒன்றும் நுனியைக் கிள்ளி எடுத்து, விரலால் தேய்த்து மழுக்கிவிட்டேன். நாளைக்கு வண்ணம் அடிக்க வேண்டும், போரியலோபெல்டாவைப் பார்த்து மேலே செம்பழுப்பு என்று முடிவு செய்திருக்கிறேன்.