டக்கர் என்பது குடும்பப் பெயர் இல்லை

மாமனாருக்கு எண்பது வயது நிறைவதற்குள் அவருடைய தகப்பன் வழி வம்சாவளியை 1700கள் வரை எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று ஆரம்பித்த வேலை இது. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை பிரச்சினையே இல்லை. 1813-லிருந்து ஞானஸ்நானப் பதிவேடு அச்சிட்ட படிவமாகிவிட்டது, தகப்பனுடைய தொழிலுக்குத் தனிக் கட்டமே உண்டு. அதையும் ஒரு வாரத்தில் முடித்தேன். அதற்கு முந்தைய காலத்துக்குள் நுழைந்த பிறகு, ஒரே ஒரு சொல்லால் எட்டு மாதம் போயிற்று.

ஊர் வேல்ஸின் தென்மேற்கில், கார்மார்தன்ஷயர். 1746 பிப்ரவரியில் ஓர் அடக்கப் பதிவு. நான் சந்தா கட்டியிருந்த இணையதளத்தின் அட்டவணையில் அந்த மூதாதையின் பெயர் மூன்று சொல்லாக இருந்தது: அவர் பெயர், அவருடைய அப்பா பெயர், கடைசியில் ‘டக்கர்’. குடும்பப் பெயர்க் கட்டத்தில் டக்கர்தான் இருந்தது. டக்கர் என்ற குடும்பப் பெயர் கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தின் டெவனில் நிறையவே உண்டு. சரி, டெவனிலிருந்து வந்து குடியேறியவர் போல என்று முடிவு செய்துவிட்டேன். மூன்று மாதம் டெவன் பதிவேடுகளைப் புரட்டினேன், ஒன்றும் சிக்கவில்லை.

அந்த மூன்று சொல்லைப் பார்த்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்தக் கால வேல்ஸில் நம்ம ஊர் இன்ஷியல் கணக்குதான். தாமஸ் மகன் டேவிட் என்றால் டேவிட் தாமஸ், அவர் மகன் ஜான் என்றால் ஜான் டேவிட். தலைமுறைக்குத் தலைமுறை கடைசிப் பெயர் மாறும். பெயர்களோ மொத்தமே பத்துப் பன்னிரண்டுதான் புழக்கத்தில். ஒரே சபையில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் பாதிரியார் அடையாளத்துக்காக வீட்டுப் பெயரையோ தொழிலையோ பக்கத்தில் எழுதிவிடுவார். சாதாரணக் குடும்பங்களில் இரண்டு முதற்பெயர் வைக்கும் வழக்கம் அப்போது மிக அரிது. 18-ஆம் நூற்றாண்டு வேல்ஸில் மூன்று சொல் பெயர் கண்ணில் பட்டால், மூன்றாவது சொல் பெயர்தானா என்று முதலில் பாருங்கள்.

அசல் பதிவேட்டைப் பார்த்துவிடலாம் என்று ரயிலும் பஸ்ஸுமாக இரண்டரை மணி நேரம் பயணம் செய்து ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். இருக்கை முன்பதிவு செய்து, உறுதிப்படுத்தும் மின்னஞ்சலும் கையில் இருந்தது. அங்கே போனபின்தான் சொன்னார்கள், அந்தப் பதிவேடு செப்பனிடப் போயிருக்கிறது, ஆறு வாரம் ஆகும் என்று. மைக்ரோஃபிலிம் கேட்டேன். படிக்கும் இயந்திரம் பழுது. மேசையில் இருந்தவரிடம் என் தாளை நீட்டி, இந்தச் சொல் தொழிலாக இருக்குமா என்று கேட்டேன். தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “அது குடும்பப் பெயர், டெவனில் தேடுங்கள்” என்றார். ஒரு நாள் விடுப்பும் பயணக் காசும் வீண். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி இன்னும் இரண்டு மாதம் டெவனிலேயே கிடந்தேன், அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. இருக்கை முன்பதிவு வேறு, ஆவணம் கிடைப்பது வேறு. ஆவண எண்ணைக் குறிப்பிட்டு “அந்தத் தேதியில் இது மேசைக்கு வருமா” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

வழி திறந்தது அபெரிஸ்ட்வித்தில் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகத்தில். ஒவ்வொரு சபையும் தன் பதிவேட்டின் நகலை ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்ப வேண்டும் என்பது அக்கால விதி. அந்த நகல்கள் அங்கே இருக்கின்றன. எல்லா ஆண்டும் இருக்காது, என் ஆண்டு இருந்தது. பழுப்பேறிய மையில் அதே வரி. பெயர், அப்பா பெயர், அப்புறம் ஒரு கால்புள்ளி. வாலை நீட்டி இழுத்த, தெளிவான கால்புள்ளி. அதற்குப் பிறகுதான் டக்கர். அட்டவணை தயாரித்தவர் அந்தக் கால்புள்ளியை விட்டுவிட்டார், என் எட்டு மாதமும் அதற்குள் போய்விட்டது. முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அக்காலத்தில் பெயர் அல்லாத சொற்களுக்கும் பெரிய எழுத்து போடுவார்கள்.

ஆக, தொழில். என்ன தொழில்? ‘டக்’ என்றால் துணியில் மடிப்புத் தைப்பது, எனவே தையல்காரர் என்று நானே ஊகித்து இன்னும் இரண்டு வாரம் கெடுத்துக்கொண்டேன். வேல்ஸில் 1830 வரை இருந்த கிரேட் செஷன்ஸ் நீதிமன்றத்தின் குற்ற வழக்குகளை, 1730 தொடங்கி, தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தேடவிட்டிருக்கிறது. அதில் மனிதர்களின் தொழிலும் இருக்கும். அங்கே தேடினால், வெவ்வேறு பெயருள்ளவர்கள் தொழில் இடத்தில் டக்கர் என்று வரிசையாக நிற்கிறார்கள். கூடவே, வெளியே காயப்போட்ட கம்பளித் துணி திருடிய வழக்குகள். இரவில் அப்படித் திருடினால் அன்றைய சட்டப்படி தூக்குவரை போகலாம். டக்கர் என்பவர் துணியைத் தைப்பவர் அல்ல, நெய்து வந்த கம்பளித் துணியை அடித்து இறுக்கிப் பதமாக்குபவர் என்பது அப்போதுதான் புரிந்தது. மற்ற இடங்களில் ஃபுல்லர் அல்லது வாக்கர் என்பவரைத் தென்மேற்கில் டக்கர் என்பார்கள். நாம் முகத்துக்குப் பூசுகிற முல்தானி மிட்டிக்கு ஆங்கிலத்தில் ஃபுல்லர்ஸ் எர்த் என்று பெயர் அல்லவா, அந்த ஃபுல்லர் இவர்தான். துணியில் இருக்கும் கம்பளிக் கொழுப்பை அந்த மண் உறிஞ்சிவிடும்.

இது தெரிந்ததும் மற்றது மளமளவென்று அவிழ்ந்தது. 1733 வரை பதிவேடுகள் லத்தீனில் இருக்கலாம். அதே சபையில் 1731-ல் ஒரு குழந்தையின் ஞானஸ்நானம். அட்டவணையில் தகப்பனுக்கு ‘ஃபுல்லோனிஸ்’ என்று ஒரு விநோதக் குடும்பப் பெயர். யாரோ வெளிநாட்டுக்காரர் என்று எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன். லத்தீனில் ஃபுல்லோ என்றால் ஃபுல்லர், ஃபுல்லோனிஸ் அதன் வேற்றுமை உருபு ஏறிய வடிவம். நம்ம ஆள்! பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரின் உயிலில் கடன் கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலில் முதற்பெயரோடு வேல்ஷில் ‘அ பன்னுர்’ என்று ஒரு வரி. மாமனாரிடம் ஃபோனில் படித்துக் காட்டினேன். வேல்ஷ் அவருக்குத் தாய்மொழி. “பன்னுர்? பண்டியில் வேலை செய்கிறவன்” என்றார் உடனே. பண்டி என்றால் அந்தத் துணி அடிக்கும் ஆலை. டோனிபண்டி என்ற ஊர்ப்பெயரில் இருப்பதும் அதே பண்டிதான். டக்கர், ஃபுல்லோ, பன்னுர்: மூன்று மொழியில் எழுதப்பட்ட ஒரே மனிதரை மூன்று குடும்பமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வேல்ஸில் ஒரு தொழிலைத் தேடும்போது மூன்று மொழிப் பெயரையும் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டிஃப் பக்கத்தில் செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1760 வாக்கில் கட்டிய எஸ்கைர் மோயல் கம்பளி ஆலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே இருந்த நெசவாளர் ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கினார். தறியிலிருந்து வரும் துணி இழை தளர்ந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைப் புளிக்கவைத்த மூத்திரத்திலும் மண்ணிலும் ஊறப்போட்டு, நீர்ச்சக்கரம் தூக்கித் தூக்கிப் போடும் கனத்த மரச் சம்மட்டிகளுக்கு அடியில் மணிக்கணக்கில் விடுவார்கள். இழை ஒன்றோடொன்று பின்னி, துணி நன்றாகச் சுருங்கிக் கெட்டியாகும். மூத்திரத்தை வீடு வீடாகப் போய்ச் சேகரித்தார்களாம். பிறகு வயலில் நீளமான மரச் சட்டத்தில் கொக்கி போட்டு இழுத்துக் காயவைத்து, மேலே எழும் பிசிறை நாலடி நீளக் கத்தரியால் சீராக நறுக்க வேண்டும்.

வேல்ஸின் திருச்சபை நீதிமன்றங்களில் 1858-க்கு முன் பதிவான உயில்களைத் தேசிய நூலகத் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். அதில் அதே பெயரில் ஓர் உயில், 1747 ஏப்ரலில் பதிவானது. முதலில் தள்ளி வைத்தேன், செத்து பதினான்கு மாதம் கழித்தா என்று. இங்கேயும் ஒரு பள்ளம். 1752-க்கு முன் புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறக்கும், ஆக 1746 பிப்ரவரி என்பது நம் கணக்கில் 1747. இரண்டே மாத இடைவெளி. கூட இருந்த சொத்துப் பட்டியலில் ஒரு பசு, பித்தளை அண்டா, கத்தரி இரண்டு, ‘வயலில் நிற்கும் பழைய ரேக் ஒன்று’. ரேக் என்பது அந்தக் காயவைக்கும் சட்டம். அந்த வரியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வயல் எங்கே? திருச்சபைக்குச் செலுத்தும் தசமபாக வரிக்காக 1840களில் வரைந்த வரைபடங்களும் அதே நூலகத் தளத்தில் இருக்கின்றன, வயல் பெயர்களோடு. ஓடையை ஒட்டி ‘கை டெய்ன்டிர்’ என்று ஒன்று. வேல்ஷில் கை என்றால் வயல், டெய்ன்டிர் என்றால் அதே காயவைக்கும் சட்டம். மாமனாரிடம் படத்தைக் காட்டினேன். சின்ன வயதில் அங்கேதான் பந்து விளையாடினார்களாம். டெய்ன்டிர் யாரோ பழைய சொந்தக்காரர் பெயர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாராம். வம்சாவளித் தாளில் அந்த ஒரு பெயருக்கு எதிரே மட்டும் தொழிலை நான் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டு, பேனாவை வாங்கி அவரே வேல்ஷில் எழுதினார்.