யார் கொளுத்தியது என்று கேட்பதை நிறுத்திய பிறகு

மலைச்சரிவில் காடு வளர்க்கும் வேலை என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது, எத்தனை கன்று நட்டீர்கள் என்பதுதான். மூன்று கோடை தாண்டி அதில் எத்தனை நிற்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. எங்கள் உழைப்பில் பெரும்பகுதி போவது அந்த இரண்டாவது கேள்விக்குத்தான். நடவு மழைக்காலத்தில் சில வாரங்களில் முடிந்துவிடும். மிச்ச ஆண்டு முழுக்கத் தீயைப் பற்றிய யோசனைதான்.

நாங்கள் வேலை செய்வது ஒரு ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில். மேலே புல்மேடும் காடும், நடுவில் மேய்ச்சல் நிலம், கீழே வயல்களும் வீடுகளும். கோடையில் ஓடை முன்போல ஓடுவதில்லை என்று ஊர்க்காரர்கள் கூப்பிட்டுத்தான் போனோம். ஓடைகளில் கல்தடுப்பு போடுவது, சரிவில் சம உயர வரப்பு வெட்டுவது எல்லாம் வழக்கமான வேலைகள்தான். ஆனால் மேல்சரிவு கோடைதோறும் எரிந்தால் கீழே எதைக் கட்டியும் நிற்காது. அடுத்த மழையில் சாம்பலும் மண்ணும் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிடும்.

இதை ஊர்க்கூட்டத்தில் வாயால் சொல்வதைவிட இடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டுவது நல்லது. எரிந்த சரிவில் மேல் சாம்பலை விரலால் விலக்கிவிட்டு, அடியில் தெரியும் மண்மீது கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவோம். சில இடங்களில் தண்ணீர் உள்ளே இறங்காது. உருண்டையாகத் திரண்டு அப்படியே நிற்கும், பிறகு சரிவில் உருண்டு ஓடும். சருகில் இருக்கும் மெழுகு போன்ற பொருட்கள் சூட்டில் ஆவியாகி மண்ணுக்குள் இறங்கி, குளிர்ந்ததும் மண்துகள்மேல் படிந்துவிடுகின்றன. அதனால் மண் தண்ணீரை ஒட்டவிடுவதில்லை. பத்தடி தள்ளி எரியாத இடத்தில் அதே அளவு தண்ணீரை ஊற்றினால் சருகுக்குள் போய் மறைந்துவிடும். இதைப் பார்த்த பிறகு ஓடைக்கும் தீக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை.

தீ எப்படி நகர்கிறது என்பது காட்டில் மாடு மேய்ப்பவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மேல்நோக்கி ஏறும் தீ, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காய வைத்துக்கொண்டே போகிறது. சரிவு பத்து பாகை கூடினால் தீயின் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பில் வழங்கும் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குப் போனவர்களைத் தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல், செங்குத்தான சரிவு, காற்று மூன்றும் சேர்ந்தால் ஓடித் தப்ப முடியாது. அதனால்தான் தீக்காவலுக்கு வரும் இளைஞர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவோம்: தீக்கு மேலே நிற்கக் கூடாது, எரிந்து முடிந்த கரிநிலத்தை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, தீ எங்கிருந்து வருகிறது? இந்தியக் காடுகளில் பற்றும் தீயில் மிகப் பெரும்பாலானது மனிதர் கையால் வருவது. அதனாலேயே முன்பெல்லாம் எந்தக் கூட்டமானாலும் பேச்சு 'யார் கொளுத்தியது' என்றுதான் தொடங்கும். அந்தக் கேள்வி விழுந்ததும் எல்லோர் முகமும் இறுகிவிடும். மாடு மேய்ப்பவர் தேன் எடுப்பவரைப் பார்ப்பார், தேன் எடுப்பவர் விறகுக்குப் போகிறவர்களைப் பார்ப்பார். கூட்டம் கலைந்துவிடும். அடுத்த கோடையில் அதே இடம் எரியும்.

கேள்வியை மாற்றியது ஒரு பாட்டி. காலம் முழுக்க மாடு மேய்த்தவர். கூட்டத்தில் எழுந்து, "தம்பி, நீங்க மரம் வைக்கிறீங்க, சரி. பழைய புல்லு முத்திப்போய் வாயைக் கிழிக்குது. எரிச்சாத்தான் துளிர் வருது. என் மாட்டுக்கு வேற புல்லு எங்கன்னு சொல்லுங்க, நான் ஏன் தீப்பெட்டியத் தொடப்போறேன்?" என்றார். கூட்டத்தில் யாரும் அவரைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னதற்காக நிம்மதியாகப் பெருமூச்சு விட்டவர்கள்தான் அதிகம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீயின் பின்னாலும் என்ன தேவை இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தோம். மாட்டுக்குத் துளிர்ப்புல் வேண்டும். தேன் எடுப்பவருக்குப் புகை வேண்டும், வேலை முடிந்த பின் பந்தத்தை அணைக்கத் தண்ணீர் வேண்டும். காட்டுப் பாதையில் நடப்பவருக்குப் பாம்பும் விலங்கும் தெரியும்படி புதர் விலக வேண்டும். வயல்காரருக்கு வரப்போரக் குப்பை ஒழிய வேண்டும். இவை எல்லாமே நியாயமான தேவைகள். ஒவ்வொன்றுக்கும் தீ இல்லாத வழியோ, தீயைக் கட்டுக்குள் வைக்கும் வழியோ உண்டு.

மேய்ச்சலுக்கு எடுத்த முடிவு இது: கன்று நட்ட சரிவை மூடிவிட்டு, அங்கே வளரும் புல்லை அறுத்துக்கொண்டு போகும் உரிமையை மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கே கொடுத்தோம். புல் முற்றுவதற்கு முன்பே அறுத்துவிட்டால் மாட்டுக்கும் நல்லது, எரிய அங்கே ஒன்றும் மிஞ்சாது. தீ தாண்டாதபடி புல்லையும் சருகையும் நீக்கி மண் தெரியச் செதுக்கும் தீத்தடுப்புக் கோட்டையும் புல் தடித்த இடங்களின் வழியாகவே போட்டோம். பாதையோரப் புதரை ஊர்க்காரர்கள் கூலிக்கு வெட்டினார்கள். அந்தப் பாதையே கோட்டின் ஒரு பகுதியாகிவிட்டது.

இந்த அனுபவத்துக்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. அதை நான் பயிற்சிகளில் திரும்பத் திரும்பச் சொல்வேன். இன்றைய உத்தராகண்டின் குமாவுன் மலைகளில் ஆங்கிலேய அரசு காடுகளைக் காப்புக்காடாக்கி மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தடை போட்டபோது, 1921இல் மக்கள் எதிர்ப்பாகக் காட்டைக் கொளுத்தினார்கள். குறிப்பாக அரசு வளர்த்த பைன் காடுகளை. அரசு குறைகேட்புக் குழு அமைத்தது. கடைசியில் 1931இல் ஊர்களே காட்டைப் பார்த்துக்கொள்ளும் வனப் பஞ்சாயத்துகளுக்கான விதிகள் வந்தன. இன்றும் உத்தராகண்டில் அவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாமே சிறப்பாக நடக்கின்றன என்று சொல்லவில்லை. ஆனால் கொளுத்தும் கையும் காவல் காக்கும் கையும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன என்பதை அந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. நம் 2006 வன உரிமைச் சட்டமும் பாரம்பரியமாகக் காத்துவரும் சமூகக் காட்டைப் பாதுகாக்கவும் மீளுருவாக்கவும் கிராம மக்களுக்கு உரிமை இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அந்த உரிமை கையில் வராத ஊர்களில் தீக்காவல் வெறும் கூலி வேலையாகவே நின்றுவிடுகிறது. கூலி நின்ற அன்று காவலும் நின்றுவிடும்.

இனி காட்டு வேலையைப் பற்றி. தீத்தடுப்புக் கோடு என்றால் ஒருமுறை செதுக்கிவிட்டு வரும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இலையுதிர் காட்டில் சருகு கொட்டும் காலமும் தீக்காலமும் ஒன்றுதான். மண் தெரியச் செதுக்கிய கோட்டின் மேல் ஒரே வாரத்தில் சருகு மறுபடி மூடிவிடும். பலமாகக் காற்றடித்த மறுநாள் காலை நீளவாக்கில் நடந்து கூட்டித் தள்ளத்தான் வேண்டும். சரிவின் குறுக்கே போகும் கோட்டில் கீழ்ப்பக்கம் சின்ன வரப்பு விடுவதும் அவசியம். மேலே எரியும் கட்டையோ காயோ உருண்டு வந்தால் அதில் தங்கும், இல்லாவிட்டால் கோட்டைத் தாண்டிக் கீழே புதுத் தீ வைத்துவிடும்.

அணைந்தது என்று தோன்றிய பிறகுதான் கவனம் அதிகம் தேவை. பச்சைத் தழையால் அடித்து அடக்கிய தீ, காய்ந்த சாணத்திலும் உளுத்த கட்டையிலும் மணிக்கணக்கில் கனிந்துகொண்டிருக்கும். பட்ட மரத்தின் வேர் வழியாக மண்ணுக்கு அடியிலும் போகும். புகை தெரியாது. எங்கள் காவலர்கள் எரிந்த ஓரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடப்பார்கள். சந்தேகமான ஒவ்வொரு கட்டையிடமும் புறங்கையை அருகே கொண்டுபோய் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளங்கை காய்த்துப்போனது, சூடு சட்டென்று தெரியாது, சுட்டுக்கொண்டால் வேலையும் செய்ய முடியாது. சூடு தட்டினால் கட்டையைப் புரட்டி, சுரண்டி, மண்ணைப் போட்டுக் கிளறி, மறுபடி புறங்கை. இப்படி ஓரம் முழுக்கச் சுற்றி வந்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். எல்லோரும் களைத்துப்போயிருக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலை இது. இதைப் பொறுமையாகச் செய்பவர்களைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

செயற்கைக்கோள் எச்சரிக்கை இப்போது கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் அதை இலவசமாக அனுப்புகிறது. பயனுள்ளதுதான். ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது கருவியைப் பொறுத்து 375 மீட்டரோ ஒரு கிலோமீட்டரோ கொண்ட சதுரம், அதுவும் செயற்கைக்கோள் கடந்துபோகும் நேரத்தில் எரிந்தால்தான் தெரியும். மேட்டில் ஆடு மேய்ப்பவரின் ஒரு போன் பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடும்.

நடவைப் பற்றி எனக்கு வலுவான கருத்து உண்டு. கன்று நடுவதற்கு முன், எரிந்த சரிவில் முழங்காலிட்டு உட்கார்ந்து புல்லை விலக்கிப் பாருங்கள். பழைய மரங்களின் வேர்க்கட்டையிலிருந்து விரல் தடிமனில் தளிர்கள் வந்திருக்கும். கோடைதோறும் எரிந்து கருகி, மழைதோறும் மறுபடி முளைத்து, பல வருடமாக அதே உயரத்தில் நிற்கும் செடிகள் அவை. கீழே வேர் பெரிதாக இருக்கும். நாலைந்து கோடை எரியாமல் விட்டால் நாற்றுப்பண்ணையிலிருந்து வரும் எந்தக் கன்றையும்விட வேகமாக உயர்ந்துவிடும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், குழி வேண்டாம். அவற்றை அடையாளம் கண்டு குச்சி நட்டு, சுற்றியுள்ள புல்லை அடக்கினால் போதும். பிலிப்பைன்ஸில் இதற்கு ஓர் எளிய முறை கையாள்கிறார்கள். இரு முனையிலும் கயிறு கட்டிய பலகையைத் தோளில் மாட்டி, காலால் அழுத்தி உயரமான புல்லைச் சாய்த்துக்கொண்டே போவார்கள். வெட்டினால் புல் மறுபடி துளிர்க்கும், மடங்கிச் சாய்ந்தால் எழும்ப நாளாகும். தரையோடு படிந்து கிடப்பதால் தீ பிடித்தாலும் சுடர் உயராது. நாங்களும் செய்து பார்த்தோம். பெண்கள் குழுவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது, அரிவாளைவிட வேகம் என்றார்கள்.

நடும் இடங்களில் மூடாக்கு ஒரு சிக்கல். ஈரம் காக்கக் கன்றைச் சுற்றிச் சருகு போடச் சொல்வார்கள். கோடை வந்தால் அதே சருகு கன்றின் காலடியில் குவித்து வைத்த எரிபொருள். மழை நின்ற பின் அதை ஒரு கை தூரம் தள்ளி இழுத்துவிட்டு, அந்த இடத்தில் தட்டையான கற்களை அடுக்குகிறோம். கல் ஈரத்தையும் காக்கும், எரியவும் செய்யாது.

எந்த மரம் என்பதும் தீயோடு சேர்ந்த கேள்விதான். போர்ச்சுகலில் 2017 ஜூனில் பெட்ரோகாவ் கிராண்டே பகுதியில் பரவிய தீயில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தைலமரமும் பைனும் நெருக்கமாக வளர்ந்திருந்தன. அதே தீயில் ஃபெர்ராரியா டி சாவோ ஜோவாவோ என்ற சின்ன ஊரைப் தக்கைப் பட்டை தரும் பழைய கார்க் ஓக் மரத்தோப்பு காப்பாற்றியது. பிறகு ஊர்க்காரர்களே கூடி, வீடுகளைச் சுற்றியிருந்த தைலமரங்களை எடுத்துவிட்டு உள்ளூர் மரங்களை நட்டார்கள். சீக்கிரம் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று ஒரே இனத்தை நிரப்பச் சொல்லும் திட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர் நினைவுக்கு வரும்.

தீக்கு முழுத் தடை சரியா என்ற விவாதம் எங்களுக்குள்ளும் முடியவில்லை. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர் பழங்குடியினர், கோடை முற்றுவதற்கு முன் சருகு மட்டும் எரியும் சிறுதீயை முன்பு வைத்தார்கள். அது நின்ற பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னம் லேண்டில் 2006இலிருந்து பழங்குடி வனக்காவலர்கள் வறண்ட காலத்தின் தொடக்கத்திலேயே திட்டுத் திட்டாக எரித்து, பிந்தைய பெருந்தீயைக் குறைத்து வருகிறார்கள். எங்கள் சரிவில் இளங்கன்றும் தளிரும் இருக்கும்வரை தீ வேண்டாம் என்பது என் நிலை. மேல் புல்மேட்டில், ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் நேரத்தில், வனத்துறையின் அனுமதியோடு சிறு திட்டுகளாக எரிப்பதை எதிர்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இப்போதைக்கு எங்கள் முன் உள்ள பேச்சு வேறு. மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஏறிவரும் தீயை எங்கள் கோடு மட்டும் தடுக்காது. இரண்டு ஊரும் சேர்ந்து மேட்டின் முதுகில் ஒரே கோடு வெட்டினால் இரு பக்கத்து ஓடைக்கும் நல்லது. அவர்கள் வரத் தயார். ஆனால் எங்கள் மேல்சரிவில் புல் அறுக்கும் உரிமையில் பங்கு கேட்கிறார்கள். எங்கள் ஊர்க்கூட்டத்தில் சிலர் சம்மதம், சிலர் தயக்கம். சருகு உதிரத் தொடங்குவதற்குள் முடிவெடுக்க வேண்டும். என்னிடம் கேட்டார்கள். கொடுத்துவிடுங்கள், அவர்கள் மாட்டுக்கும் புல் வேண்டுமே என்றேன்.