ஈ மேஜரில் வாசிக்க மாட்டோம்

நாங்கள் வாசிப்பது ஸ்கா, ஜமைக்காவில் பிறந்த துள்ளல் இசை. எங்கள் பேண்டில் காசுக்காகச் சண்டை வந்ததில்லை. யார் முன்னால் நிற்பது என்றும் வந்ததில்லை. வருகிற சண்டையெல்லாம் சுருதிக்குத்தான். கிட்டார்காரர் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கட்டுவார். கிட்டாரில் கட்டுகிற பாட்டு தன்னால் போய் ஈ மேஜரில் உட்கார்ந்துகொள்ளும். அடித்தந்தியே ஈ சுரம், விரல் வைக்காமலே சும்மா கிடைக்கும்போது யார் விடுவார்கள்? செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு அதைக் கொண்டுவந்து வைத்ததும் ஊதுகிற மூன்று பேரும் உதட்டைப் பிதுக்குவார்கள். டிரம்பெட் பி ஃபிளாட் வாத்தியம், தாளில் எழுதியிருப்பதைவிட ஒரு சுரம் கீழே ஒலிக்கும். நாங்கள் ஈ மேஜர் வாசித்தால் அவருடைய தாளில் அது எஃப் ஷார்ப், மொத்தம் ஆறு ஷார்ப் (ஷார்ப்பும் ஃபிளாட்டும் எவ்வளவு குறைவோ அவ்வளவு சுலபம்). ஆல்ட்டோ சாக்ஸ் வாசிக்கிற பெண்ணின் நிலைமை இன்னும் மோசம்: சி ஷார்ப், ஏழு ஷார்ப். அரை சுருதி இறக்கி ஈ ஃபிளாட்டில் வைத்துவிட்டால் டிரம்பெட்டுக்கு ஒரே ஒரு ஃபிளாட், சாக்ஸுக்கு ஒன்றுமே இல்லை. "இறக்கு, இல்லேன்னா நாங்க காபி குடிக்கப் போறோம்" என்பார் டிராம்போன்காரர்.

நியாயம் அவர்கள் பக்கம்தான். ஸ்கா கிட்டாரில் திறந்த தந்திக்கு வேலையே இல்லை. கையை அழுத்தி, மேல் தந்திகளில் வெட்டி வெட்டி அடிப்பதுதானே? ஒரு கட்டம் தள்ளிப் பிடித்தால் முடிந்தது. இருந்தாலும் ஒவ்வொரு புதுப் பாட்டுக்கும் இந்த நாடகம் நடந்தே தீரும். ஒவ்வொரு முறையும் ஜெயிப்பது ஊதுகுழல்காரர்கள்தான்.

நாங்கள் எட்டுப் பேர். ஐந்தோவன் பக்கம், நெதர்லாந்தின் தெற்கே பிராபாண்ட் மாநிலம். ஒருவருக்கும் இது பிழைப்பு இல்லை. பாடுகிறவர் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார், பேஸ் கிட்டார் வாசிப்பவர் கூரைகளில் சோலார் பலகை பொருத்துகிறார், டிராம்போன்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நான் கீபோர்டு. வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, சாயங்காலங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது, "ஆர்கன் வாசிக்க ஆள் தேவை, திறமை இரண்டாம் பட்சம்" என்றொரு அறிவிப்பைப் பார்த்துப் போனவன். அந்த இரண்டாவது பகுதிதான் தைரியம் கொடுத்தது.

ஸ்காவில் ஆர்கன்காரனின் வேலையைக் கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்டவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பாட்டு முழுக்க அரை இடத்திலேயே குடியிருக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பேஸ் நடந்து போகும். நான் அந்த எண்களில் விழவே கூடாது, எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் மட்டும், சுருக்கமாக, வெட்டி எடுத்த மாதிரி ஒரு தட்டு. கிட்டாருக்கும் அதே இடம்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரு மயிரிழை பிசகினால் மொத்தப் பாட்டும் நொண்டிக் குதிரை மாதிரி ஓடும். கை வலிக்காது, மனசுதான் வலிக்கும். மூன்று நிமிடம் ஒரே காரியத்தைச் செய்துகொண்டு, மேலே அலங்காரமாக ஏதாவது போடலாமே என்கிற ஆசையை அடக்கிக்கொண்டு நிற்பது சாமானியமான விஷயம் இல்லை.

"டச்சுக்காரர்கள் ஜமைக்கா பாட்டு வாசிக்கிறார்களா, அதில் நீ வேறயா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். எனக்கும் ஆரம்பத்தில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. அதைப் போக்கியவர் டிராம்போன்காரர். ஒன்பது வயதில் ஊர் ஹார்மோனியில் சேர்ந்தவர் அவர். பிராபாண்டிலும் லிம்பர்கிலும் கிராமத்துக்குக் கிராமம் இப்படி ஒரு ஊதுகுழல் சங்கம் உண்டு. கிளாரினெட், புல்லாங்குழல் எல்லாம் இருந்தால் ஹார்மோனி. பித்தளை வாத்தியங்களும் சாக்ஸபோன்களும் தாளமும் மட்டும் என்றால் ஃபான்ஃபாரே. கெர்க்ராடே ஊரில் 1951-லிருந்து இவர்களுக்கென்றே உலகப் போட்டி நடக்கிறது, இப்போது நாலு வருடத்துக்கு ஒருமுறை. நாங்கள் ஒத்திகை பார்ப்பதுகூட அவருடைய ஹார்மோனியின் கூடத்தில்தான். சுவரில் பழைய கொடிகள், மூலையில் துணி போர்த்திய டிம்பனி, பின்னால் ஒரு சின்ன பார்.

ஸ்கா பிறந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தாலும் இதே கதைதான் என்று அவர் ஒருநாள் எனக்கு விளக்கினார். கிங்ஸ்டனில் கத்தோலிக்கக் கன்னிகாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல். ஏழைப் பையன்களுக்கு அங்கே தொழிலும் ஒழுங்கும் கற்றுக்கொடுத்தார்கள். கூடவே பேண்டு வாத்தியமும். 1964-ல் ஸ்கட்டலைட்ஸ் என்கிற ஸ்கா பேண்டு தொடங்கியபோது அதில் டாமி மெக்குக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங், டான் டிரம்மண்ட் என்று நாலு பேர் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள். ரீகோ ரோட்ரிகஸும் அங்கே படித்தவர்தான். 1979-ல் இங்கிலாந்தின் ஸ்பெஷல்ஸ் பேண்டு 'எ மெசேஜ் டு யூ ரூடி'யை மறுபடி பதிவு செய்தபோது டிராம்போன் ஊதியவர் அவர். வேடிக்கை என்னவென்றால், அதே பாட்டின் 1967 மூலப் பதிவிலும் அவர்தான் ஊதியிருந்தார். இதைச் சொல்லும்போது எங்கள் ஆசிரியருக்குக் குரல் கொஞ்சம் உயரும். அவர் சொல்ல வருவது இதுதான்: ஊர் பேண்டில் மார்ச்சு வாசித்துக் கிடந்தவர்கள் ஜாஸ் மேல் ஆசைப்பட்டு, தாளத்தைப் புரட்டிப் போட்டு உண்டாக்கிய இசை இது, ஊர் பேண்டுக்காரன் வாசிப்பதில் என்ன அதிசயம்? 1969-ல் டெஸ்மண்ட் டெக்கரின் 'இஸ்ரேலைட்ஸ்' நெதர்லாந்திலும் முதலிடத்துக்கு வந்தபோது அவர் சின்னப் பையன். ரேடியோவில் கேட்டுவிட்டு, அதை ஹார்மோனி வாசிக்க வேண்டுமென்று நடத்துனரிடம் போய்ச் சொன்னாராம். நடத்துனர் என்ன பதில் சொன்னார் என்று இன்றுவரை சொல்ல மறுக்கிறார்.

மற்றவர்களின் ஆதர்சங்கள் வேறு வேறு. டிரம்மருக்கு இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரமும், ஸ்பெஷல்ஸ் பாட்டுகளை வெளியிட்ட டூ டோன் இசை நிறுவனமும்தான் வேதம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட வாரை மாட்டாமல் மேடை ஏறமாட்டார். கிட்டார்காரர் தொண்ணூறுகளின் அமெரிக்க ஸ்கா-பங்க்கில் வளர்ந்தவர். எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் வாசிக்கச் சொல்வார். ஆம்ஸ்டர்டாமின் மிஸ்டர் ரிவ்யூ பேண்டு என்று வந்தால் மட்டும் எட்டுப் பேரும் ஒரே கட்சி. 1989-ல் அவர்கள் போட்ட இசைத்தட்டின் பெயரிலேயே, கிங்ஸ்டனில் ஸ்டுடியோ ஒன் ஒலிப்பதிவுக்கூடம் இருந்த பிரென்ட்ஃபோர்டு ரோடு உண்டு. ஆம்ஸ்டர்டாமில் இருந்துகொண்டே மரியாதையோடும் சொந்தக் குரலோடும் இதைச் செய்யலாம் என்பதற்கு எங்களுக்கு அதுதான் அத்தாட்சி. அந்தத் தட்டைக் கேட்டுத்தான் நான் எங்கே கையை எடுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன்.

டூ மார் பேண்டைப் பற்றிச் சொல்லாமல் நெதர்லாந்து ஸ்கா பேச முடியாது. எந்த ஊரில் வாசித்தாலும் மூன்றாவது பாட்டுக்குள் யாராவது கையில் பியரோடு வந்து "டூ மார் போடுங்க!" என்பார். எர்ன்ஸ்ட் யான்ஸ் 1978-ல் தொடங்கிய பேண்டு அது. ஹென்னி ஃப்ரீன்டன் வந்து சேர்ந்த பிறகு 1981-ல் 'ஸ்கங்க்', அடுத்த வருடமே இன்னொரு தட்டு. ஸ்காவையும் ரெகேயையும் டச்சில், அதுவும் சாதாரணப் பேச்சு டச்சில் பாடினார்கள். பதின்வயதுப் பெண்கள் பளீர் பச்சையும் பளீர் ரோஸும் அணிந்து அலறி, அந்த அலறல் தாங்காமல் 1984-ல் பேண்டையே கலைத்துவிட்டார்கள். எங்கள் கிட்டார்காரர் டூ மார் என்றாலே முகம் சுளிப்பார். பாட்டி வீட்டுக் கல்யாண இசை என்பது அவர் கட்சி. எனக்கு அதில் சம்மதம் இல்லை. அந்த பேஸ் வரிகளை ஒருமுறை தனியாகக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

2022 ஏப்ரல் 25 அன்று ஃப்ரீன்டன் இறந்துபோனார். பிறந்தது இங்கேதான், பிராபாண்டின் ஹில்வாரன்பேக்கில். இரண்டு நாள் கழித்து அரசர் தினம். கொரோனா விழுங்கிய இரண்டு வருடங்களுக்குப் பிறகு ஊரே ஆரஞ்சு உடையில் தெருவுக்கு வந்திருந்தது. வாசலுக்கு வாசல் போர்வை விரித்துப் பழைய பொம்மையும் கோப்பையும் விற்கிறார்கள். நாங்கள் ஒரு தெருமுனையில், யாரோ ஒருவரின் சமையலறை ஜன்னல் வழியாக இழுத்த மின்கம்பியில் வாசித்துக்கொண்டிருந்தோம். என் கீபோர்டும் ஆம்ப்ளிஃபயரும் சரக்கு சைக்கிளில் வந்திருந்தன. அன்றைக்கு டூ மார் போடச் சொல்லி யாரும் வந்து கேட்கவில்லை. முகம் சுளிக்கிற கிட்டார்காரரே அவர்களுடைய 'டி பொம்' (குண்டு) பாட்டின் முதல் தட்டைத் தொடங்கிவிட்டார். 1982-ல் அணுகுண்டுப் பயத்தில் பிறந்த பாட்டு. உக்ரைன் போர் தொடங்கி அப்போதுதான் இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாடகர் வாயைத் திறக்கும் முன்பே தெரு பாடிவிட்டது. போர்வை விரித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் விழித்தார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் தெரிந்திருந்தது. பாட்டு முடிந்ததும் ஒரு அம்மா வந்து என்னிடம் ஒரு மெழுகுவர்த்தித் தாங்கியை ஐம்பது சென்ட்டுக்கு விற்றுவிட்டுப் போனார்.

மற்ற நிகழ்ச்சிகள் இவ்வளவு கௌரவமாக இருக்காது. பெரிய அரங்குகளில் ஒலி அளவு பதினைந்து நிமிடச் சராசரியில் 103 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று ஒப்பந்தம் இருக்கிறது. நாங்கள் வாசிக்கிற கஃபேக்களுக்கு மாடியில் ஆட்கள் குடியிருப்பார்கள், அங்கே அளவு அதைவிட வெகு கீழே. டென் பாஸில் ஒரு கஃபே. எட்டுப் பேருக்குச் சேர்த்து முந்நூறு யூரோ, ஆளுக்கு ஐந்து பான டோக்கன், ஒரு சட்டி சில்லி. மேடை என்று சொல்லப்பட்டது ஒரு சாப்பாட்டு மேஜை அளவு. ஊதுகுழல்காரர்கள் தரையில் நின்றார்கள். பார் பக்கத்துச் சுவரில் சத்தத்தை அளக்கும் ஒரு பெட்டி, அதில் மூன்று விளக்கு. "ஆரஞ்சு வந்தா பயப்படாதீங்க. சிவப்பு நின்னு எரிஞ்சா மேடை கரண்ட் போயிடும்" என்றார் உரிமையாளர்.

இரண்டாவது சுற்றில் டிரம்பெட் ஒரு உச்சத்தைப் பிடித்தது, போய்விட்டது கரண்ட். கிட்டார், பேஸ், மைக், என் ஆர்கன் எல்லாம் ஒரே நொடியில் ஊமை. ஆனால் டிரம்மர் நிறுத்தவில்லை. டிராம்போன்காரர் கண்ணைக்கூட மூடாமல் பேஸ் வரியை எடுத்துக்கொண்டார், எத்தனை செவ்வாய்க்கிழமை கேட்டிருப்பார்! டிரம்பெட்டும் சாக்ஸும் பாடகரின் மெட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. பெட்டியில் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. துண்டிக்க அதனிடம் இனி ஒன்றும் இல்லை. நானும் கிட்டார்காரரும் வேறு வழியில்லாமல் எங்கள் அரை இடத்தைக் கையால் தட்டினோம். கூட்டமும் தட்டியது, வழக்கம்போல ஒன்றிலும் மூன்றிலும். டிராம்போன்காரர் வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்து, "ரெண்டுலயும் நாலுலயும்! ஒண்ணுல தட்டுனா அது மார்ச்சு!" என்று கத்திவிட்டு மறுபடி ஊதினார். ஐம்பது வருடம் மார்ச்சு வாசித்தவர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்? உரிமையாளர் பெட்டியைத் தட்டிக் கரண்டை மீட்டுத் தந்தார். என் கீபோர்டு விழித்தெழ அரை நிமிடம் பிடிக்கும். திரையில் நிறுவனத்தின் சின்னம் நிதானமாக மின்னி முடிப்பதற்குள் பாட்டு முடிந்து கைதட்டலும் ஓய்ந்திருந்தது. அன்றைக்கு இரவு எங்களிடம் வந்து பேசிய எல்லோரும் அந்த ஒரு பாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். நான் வாசிக்காத ஒரே பாட்டு.

பிப்ரவரி வந்தால் எங்களுக்கு நிகழ்ச்சி எதுவும் கிடையாது. கார்னவல் திருவிழா. ஊதுகுழல்காரர்கள் மூவரும் நீல அங்கியும் சிவப்புக் கைக்குட்டையுமாக அவரவர் தெருக்குழுவோடு கிளம்பிவிடுவார்கள். கஃபேக்குக் கஃபே, காலையிலிருந்து நள்ளிரவு வரை, நாலைந்து நாள். அந்த நாட்களுக்கு மாற்று ஆள் தேடலாமே என்று வந்த புதிதில் கேட்டேன். இந்த மாநிலத்தில் ஊதத் தெரிந்தவன் எவனும் அந்த வாரம் வீட்டில் இருக்கமாட்டான் என்று சிரித்தார்கள். கார்னவல் முடிகிற சாம்பல் புதனுக்குப் பிறகு டிரம்பெட்காரர் வெடித்த உதட்டோடு ஒத்திகைக்கு வருவார். இந்த வருடமும் அப்படியே. மார்ச்சில் ஹெல்மொண்டில் ஒரு நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருக்கிறோம், அவரால் உச்ச ஸ்வரங்கள் அதற்குள் முடியாதாம். அவருடைய சோலோக்களில் இரண்டை ஆர்கனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று ஈ ஃபிளாட்டில். ஊதுகிறவர்களே இல்லாத இடத்துக்கு ஈ ஃபிளாட் எதற்கு என்று கிட்டார்காரர் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.